ஹெல்ப் டெஸ்க் நேர்காணல்: கேட்கத் தெரிந்தவருக்கே முதல் மதிப்பெண்

அலுவலகக் கணினிப் புகார்களை முதலில் எடுக்கும் முதல் நிலை ஹெல்ப் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர், தன் கண்ணில் படாத கணினியை, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் நாலு வார்த்தையை வைத்தே சரிசெய்கிறார். நேர்காணலும் அதைத்தான் சோதிக்கிறது. "டிஎன்எஸ் என்றால் என்ன?" போன்ற நேரடிக் கேள்விகள் வரும், அவற்றுக்கு விடை தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் "யூசர் போன் செய்து இப்படிச் சொல்கிறார், என்ன செய்வீர்கள்?" என்று கேட்கும்போதுதான் முடிவு பெரும்பாலும் ஆகிறது. அங்கே தீர்வை உடனே சொல்லிவிட்டவரைவிட, இரண்டு சரியான கேள்வி கேட்டுப் பிரச்சினையின் எல்லையைச் சுருக்கியவருக்கே மதிப்பெண் அதிகம். இந்தக் கட்டுரையில் உள்ள தயாரிப்பு முழுவதும் அந்த ஒரு பழக்கத்தை உண்டாக்கத்தான்.

முதலில் வேலை அறிவிப்பைப் பிரித்துப் படியுங்கள்

அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு தொழில்நுட்பச் சொல்லையும் ஒரு தாளில் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம், அந்தச் சொல்லை வைத்து ஒரு யூசர் என்ன புகார் சொல்வார் என்று எழுதுங்கள். "ஆக்டிவ் டைரக்டரி" (நிறுவனத்தின் யூசர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) என்று இருந்தால், "என் கணக்கு லாக் ஆகிவிட்டது". "மைக்ரோசாஃப்ட் 365" என்றால், "அவுட்லுக் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்கிறது". "விபிஎன்" (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் பாதுகாப்பாக இணையும் வழி) என்றால், "விபிஎன் இணைந்திருக்கிறது, ஆனால் ஷேர்டு ஃபோல்டர் திறக்கவில்லை". கேள்விகள் பெரும்பாலும் இந்த வலப்பக்கத்திலிருந்துதான் வரும். பத்து வரி எழுத முடிந்தால் தயாரிப்பில் பாதி முடிந்த மாதிரி.

வேலை போன் வழியா, ரிமோட்டா, நேரில் மேசைக்குப் போய்ப் பார்ப்பதா என்பதையும் கவனியுங்கள். போன் வேலை என்றால் பேச்சுத் தெளிவை அதிகம் பார்ப்பார்கள். நேரில் பார்க்கும் வேலை என்றால் ராம் மாற்றுவது, மானிட்டர் கேபிள்கள், பிரின்டரில் காகிதம் சிக்குவது என்று வன்பொருள் கேள்விகள் கூடும். ஷிஃப்ட் பற்றி எதுவும் எழுதவில்லை என்றால் ஷிஃப்ட் இல்லை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணினி ஆதரவு வேலைக்கான அடிப்படைச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸ் கேட்டிருந்தால், அது கோர் 1, கோர் 2 என இரண்டு தேர்வுகள் என்பது தெரிந்திருக்கட்டும். சான்றிதழ் இல்லாதவர்களும் அதன் பாடத்திட்டத்தில் உள்ள ஆறு படிகளை அறிந்துகொள்வது நல்லது: பிரச்சினையை இனங்காண்பது, காரணத்தை ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது, திட்டமிட்டுச் சரிசெய்வது, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று உறுதிசெய்வது, எழுதி வைப்பது. எந்தக் கேள்விக்கும் பதிலை இந்த வரிசையில் சொன்னால் சிதறாமல் வரும். கடைசி இரண்டையும்தான் பலர் சொல்ல மறக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு லேப் அமையுங்கள்

அனுபவம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல ஈடு கிடையாது. 16 ஜிபி ராம் உள்ள கணினி இருந்தால் வசதி; 8 ஜிபியில் சர்வர், அதில் இணையும் கிளையன்ட் என்ற இரண்டு மெஷின்களும் சேர்ந்து ஓடத் திணறும். ஒரே கணினிக்குள் இப்படித் தனித்தனி மெஷின்களை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாளும், விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் மதிப்பீட்டுப் பதிப்பு 90 நாளும் ஓடும். இரண்டையும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஹோம் பதிப்பை எடுக்காதீர்கள். அதை டொமைனில் (ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் கணினிகள், கணக்குகளின் குழுவில்) சேர்க்க முடியாது.

சர்வரை நிறுவி, அதற்கு 192.168.10.10 போல நிலையான ஒரு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுங்கள். ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ் ரோலைச் சேர்த்து, அதை டொமைன் கன்ட்ரோலராக (டொமைனின் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வராக) உயர்த்துங்கள். பிறகு விண்டோஸ் 11 மெஷினை டொமைனில் சேர்க்க வேண்டும். புதியவர்கள் சிக்குவது இங்கேதான், அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க் வகை நேட் என்றே விடப்பட்டிருக்கும். அந்த வகையில் ஒவ்வொரு மெஷினும் தனித் தீவு; ஒன்றை ஒன்று பார்க்காது. இரண்டுக்கும் இன்டர்னல் நெட்வொர்க் அல்லது நேட் நெட்வொர்க் என்று மாற்றுங்கள். இரண்டாவது, கிளையன்ட் மெஷினின் டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரி வேறெங்கோ காட்டிக்கொண்டிருக்கும். டொமைன் கன்ட்ரோலரைக் கண்டுபிடிக்கும் குறிப்புகள் அந்தக் கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கின்றன. ஆகவே கிளையன்ட்டின் டிஎன்எஸ் 192.168.10.10 என்றே இருக்க வேண்டும். கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 என்று வைத்தால் இணையம் கிடைக்கலாம், டொமைன் கிடைக்காது. இந்த ஒரு தவறைச் செய்து, கண்டுபிடித்து, திருத்தியவருக்கு டிஎன்எஸ் பற்றி எந்தக் கோணத்தில் கேட்டாலும் சொந்தமாகப் பதில் வரும்.

டொமைனில் சேர்ந்ததும் ஐந்தாறு யூசர்களை உருவாக்கி, வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஒரு கணக்கை லாக் செய்யுங்கள். புதிய டொமைனில் லாக் ஆகும் வரம்பு பெரும்பாலும் 0 என்றே இருக்கும். எத்தனை முறை தப்பாக அடித்தாலும் லாக் ஆகாது. டொமைன் முழுவதற்கும் விதிகளை வைக்கும் குரூப் பாலிசியில் அதை 5 ஆக்கிவிட்டு முயலுங்கள். கிளையன்ட்டின் நேரத்தை சர்வரிலிருந்து பத்து நிமிடம் தள்ளி வைத்து லாகின் செய்து பாருங்கள்: டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறை பொதுவாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். ஒரு ஷேர்டு ஃபோல்டரில் ஒருவருக்கு மட்டும் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் திரையில் வந்த செய்தியை அப்படியே குறித்து வையுங்கள். அந்தச் செய்தியின் வாசகத்தை நேர்காணலில் சரியாகச் சொல்வதே, செய்து பார்த்தவர் என்பதற்குப் போதுமான சாட்சி.

ரெஸ்யூமேயில் இந்த லேபை ஒரு வரியில் போடுங்கள். போட்டதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தயாராக இருங்கள். செய்யாத எதையும் போடாதீர்கள். அனுபவமுள்ளவர் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

போன் சுற்று

பெரும்பாலும் மனிதவளத் துறையினர் பேசுவார்கள். கால் மணி, அரை மணி நேரம். இங்கே அவர்கள் கேட்பது உங்கள் குரல். யூசருக்குப் புரியும்படி பேசுவீர்களா என்பதற்கு இதுவே முதல் பரீட்சை. "டிஎச்சிபி என்றால் என்ன என்று கணினி தெரியாதவருக்குச் சொல்லுங்கள்" என்று கேட்பதும் உண்டு. "நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும், அதைத் தானாகக் கொடுக்கும் சேவை அது" என்றால் போதும். நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்றால், பதில்களை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பதிவுசெய்து கேளுங்கள். மனதுக்குள் சரளமாக ஓடுவது வாயில் வரும்போது தடுக்கும். அந்தத் தடுமாற்றத்தை முதல் நாளே வீட்டில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

"இன்டர்நெட் வேலை செய்யல": ஒரு நடிப்புச் சுற்று

பேனலில், அதாவது நேர்காணல் குழுவில், ஒருவர் யூசராக நடிப்பார். நல்ல பதில் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

"ஹலோ, இன்டர்நெட் வேலை செய்யல."

"சரிங்க, பார்த்துடலாம். உங்களுக்கு மட்டுமா, பக்கத்துல இருக்கறவங்களுக்கும் வரலையா?"

"அவங்களுக்கெல்லாம் வருது."

"எப்பலேருந்து இப்படி இருக்கு? நேத்து சாயங்காலம் நல்லா இருந்துதா?"

"நேத்து நல்லாத்தான் இருந்துது. காலைல வந்ததுலேருந்துதான்."

"நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல ஏதாவது மாறுச்சா? இடம் மாறி உட்கார்ந்தீங்களா, ஏதாவது புதுசா போட்டீங்களா?"

"ஆமா, இன்னிக்கு வேற சீட்."

மூன்றே கேள்விகளில் சர்வர், இணைய இணைப்பு, மொத்த நெட்வொர்க் எல்லாம் கணக்கிலிருந்து போய்விட்டன. மிச்சம் இருப்பது அந்த சீட்டும் அந்தக் கணினியும்தான். இப்போதுதான் கட்டளைகளுக்குப் போக வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டில், நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் /ஆல் அடிக்கச் சொல்லி, ஐபி முகவரி எதில் தொடங்குகிறது என்று கேளுங்கள்.

169.254 என்று தொடங்கினால், டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராமல் விண்டோஸ் தனக்குத்தானே முகவரி போட்டுக்கொண்டது என்று பொருள். இந்தக் கதையில் சுவரில் உள்ள போர்ட் வேறு விலேனில் (நெட்வொர்க்கின் வேறு பிரிவில்) இருக்கலாம். முகவரியே இல்லாமல் "மீடியா டிஸ்கனெக்டட்" என்று வந்தால், போர்ட் சுவிட்ச்சுடன் இணைக்கப்படாமல் இருக்கலாம். அல்லது கேபிள் சரியாகச் செருகப்படாமல் இருக்கலாம். கேபிளை எடுத்துச் செருகச் சொல்லி, போர்ட் அருகே விளக்கு எரிகிறதா என்று கேட்டு, இருக்கும் முகவரியை விட்டுப் புதிதாகக் கேட்க ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், பிறகு /ரின்யூ. அப்போதும் வராவிட்டால், பக்கத்தில் வேலை செய்யும் போர்ட்டில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வந்தால் குற்றம் போர்ட்டில். போர்ட் எண்ணைக் குறித்து நெட்வொர்க் அணிக்கு டிக்கெட்டை (புகார்ப் பதிவை) அனுப்பலாம். யூசர் இதற்குள் வேறு சீட்டில் வேலையைத் தொடங்கியிருப்பார். பேனல் கேட்க விரும்புவது இந்தக் கடைசி வரியை: போர்ட் சரியாகும்வரை யூசர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

முகவரி ஒழுங்காக இருந்தால் அடுத்த வரிசை: டிஃபால்ட் கேட்வேக்கு (நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசலுக்கு) பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. பதில் வந்தால் 8.8.8.8-க்கு பிங். அதற்கும் வந்து, தளத்தின் பெயருக்கு மட்டும் வராவிட்டால் டிஎன்எஸ்; என்எஸ்லுக்அப் போட்டு உறுதிசெய்யுங்கள். கூடவே ஒன்று சொல்லுங்கள்: சில நிறுவனங்கள் வெளியே போகும் பிங்கைத் தடுத்திருக்கும், ஆகவே பிங் தோற்றதாலேயே இணையம் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. பெயரும் கிடைக்கிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால், யாரோ போட்டுவைத்த பிராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) அமைப்பு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

நடிப்புச் சுற்றில் யூசராக இருப்பவர் வேண்டுமென்றே குழப்புவார். "ஐபியா? அது என்ன?" என்பார். விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். "விண்டோஸ் பட்டனை அமுக்கி சிஎம்டி-ன்னு டைப் பண்ணுங்க, கறுப்பா ஒரு பெட்டி வரும், வந்துதா?" என்று ஒவ்வொரு படியாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "வந்துதா?" என்று கேட்டு நிறுத்துங்கள். அவர் ரிமோட்டில் சேரக்கூடிய நிலையில் இருந்தால் குவிக் அசிஸ்ட் போன்ற கருவியைப் பயன்படுத்துவேன் என்றும், திரையைப் பார்க்கும் முன் அனுமதி கேட்டு, சொந்தக் கோப்புகளை மூடச் சொல்வேன் என்றும் சொல்லுங்கள். நெட்வொர்க்கே இல்லாதவரிடம் ரிமோட் பேச்சை எடுக்காதீர்கள்.

கணக்கு லாக் ஆகும் கேள்வி

இது கட்டாயம் வரும் என்றே எடுத்துக்கொள்ளலாம். முதலில் மூன்று நிலைகளைப் பிரித்துச் சொல்லுங்கள். தவறான பாஸ்வேர்டு பலமுறை அடித்ததால் லாக் ஆனது ஒன்று. பாஸ்வேர்டின் காலம் முடிந்தது இன்னொன்று. கணக்கே முடக்கப்பட்டது மூன்றாவது. முதல் இரண்டையும் அடையாளம் சரிபார்த்துவிட்டு நீங்களே தீர்க்கலாம். மூன்றாவதைத் தொடக்கூடாது. யாரோ ஒரு காரணத்துக்காக முடக்கியிருக்கிறார்கள். அவர் வேலையை விட்டுப் போனவராகக்கூட இருக்கலாம். மேலதிகாரி அல்லது மனிதவளத் துறை சொல்லாமல் திறக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

அடுத்து வருவது சுவையான கேள்வி: "லாக்கை எடுத்துவிட்டீர்கள். பத்து நிமிடத்தில் மறுபடி லாக் ஆகிறது. திரும்பத் திரும்ப இப்படி. ஏன்?" எங்கோ ஒரு கருவி பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு விடாமல் முயல்கிறது என்பதே பொதுவான காரணம். யூசரின் போனில் உள்ள மெயில் அல்லது வைஃபை, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழைய பாஸ்வேர்டு, அவர் பழைய பாஸ்வேர்டில் இணைத்த நெட்வொர்க் டிரைவ், வேறொரு கணினியில் லாக்ஆஃப் செய்யாமல் விட்ட ரிமோட் டெஸ்க்டாப் அமர்வு, அவர் கணக்கில் ஓடும் ஷெட்யூல்டு டாஸ்க். "சமீபத்தில் பாஸ்வேர்டு மாற்றினீர்களா?" என்பதே யூசரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எந்தக் கருவி என்று கண்டுபிடிக்க, டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) 4740 எண்ணுள்ள பதிவு உதவும்; எந்தக் கணினியிலிருந்து லாக் ஆனது என்று அதில் இருக்கும். முதல் நிலையில் உங்களுக்கு அந்தப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி இருக்காமலும் போகலாம். "அனுமதி இல்லையென்றால், இந்த எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாம் நிலையிடம் பார்க்கச் சொல்வேன்" என்று முடித்தால் பதில் முழுமை.

வெளியூரில் லேப்டாப்புடன் இருப்பவருக்கு பாஸ்வேர்டு ரீசெட் செய்தால் இன்னொரு சிக்கல். டொமைன் கன்ட்ரோலரைத் தொடாத லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே நினைவில் வைத்திருக்கும். பழையதை வைத்து லாகின் செய்து, விபிஎன்னில் புதியதைக் கொடுத்து இணைந்து, திரையை லாக் செய்து புதியதால் திறக்கச் சொல்ல வேண்டும்.

மற்ற வழக்கமான கேள்விகள்

"கணினி மெதுவாக இருக்கிறது." எதில் மெதுவு, எல்லாவற்றிலுமா ஒரே மென்பொருளிலா என்று கேளுங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப்டைமையும் (விண்டோஸ் தொடர்ந்து ஓடிய நேரத்தையும்) பாருங்கள். தினமும் ஷட்டவுன் செய்கிறேன் என்று யூசர் சத்தியமாகச் சொல்வார், அப்டைம் மூன்று வாரம் காட்டும். இரண்டுமே உண்மைதான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட்டவுன் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை முழுதாக மூடுவதில்லை, ரீஸ்டார்ட்தான் மூடும். யூசரைப் பொய்யராக்காமல் இதை விளக்குபவரைப் பேனல் மறக்காது.

"பிரின்டர் அச்சிடவில்லை." ஒருவருக்கா எல்லோருக்குமா என்பதே மறுபடியும் முதல் கேள்வி. ஒருவருக்கு மட்டும் அச்சு வரிசை சிக்கியிருந்தால் பிரின்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, விண்டோஸின் சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை அழித்து, சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும். இதையே பிரின்ட் சர்வரில் செய்தால் எல்லோருடைய அச்சு வேலைகளும் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லோருக்கும் வரவில்லை, பிரின்டர் விளக்கு எரிகிறது என்றால், பிரின்டரின் ஐபி மாறியிருக்கலாம். கணினிகள் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

"அவுட்லுக் திறக்கவில்லை." பிரவுசரில் மெயில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் கணக்கும் சர்வரும் நலம். குறை இந்தக் கணினியில். அவுட்லுக்கை சேஃப் மோடில் திறந்து, திறந்தால் ஆட்-இன்களை (அதில் சேர்த்த கூடுதல் நிரல்களை) ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். அதற்குப் பிறகே புது புரொஃபைல். ஓஎஸ்டி கோப்பு சர்வரில் உள்ளதன் பிரதி, மறுபடி உருவாகும். அனுப்பாமல் தேங்கிய மெயில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்டி கோப்பு அப்படியல்ல. அது யூசரின் ஒரே பிரதியாக இருக்கலாம், கை வைக்காதீர்கள்.

சிதைந்த சிஸ்டம் கோப்புகளுக்கு டிஸ்ம், எஸ்எஃப்சி கட்டளைகள். நீலத் திரைக்கு அதில் உள்ள ஸ்டாப் கோடும் சமீபத்தில் மாறிய டிரைவரும். இவை பெயரளவில் தெரிந்தால் போதும். போர்ட் எண்களில் (சுவரில் உள்ள போர்ட் அல்ல, ஒவ்வொரு நெட்வொர்க் சேவைக்கும் உரிய எண்) 22, 53, 80, 443, 3389 ஐந்தும் நாக்கு நுனியில் இருக்கட்டும். 3389 ரிமோட் டெஸ்க்டாப்புக்கு. அதை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அவசரத்தில் வரும் பொறி

"இயக்குநர் போனில் இருக்கிறார். விமான நிலையத்தில் நிற்கிறார், புதுப் போன், பாஸ்வேர்டு மறந்துவிட்டது, ஐந்து நிமிடத்தில் மீட்டிங். ரீசெட் செய்து, எம்எஃப்ஏவை (பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பை) புதுப் போனுக்கு மாற்றித் தரச் சொல்கிறார்." இந்தக் கேள்வியில் உதவி மனப்பான்மையைக் காட்டப் போய்த் தோற்றவர்கள் நிறைய. பாஸ்வேர்டும் எம்எஃப்ஏவும் ஒரே அழைப்பில் கேட்பதே எச்சரிக்கை மணி. நிறுவனத்தின் அடையாளச் சரிபார்ப்பு முறை என்னவோ அதை முழுதாகச் செய்வேன். பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நானே திருப்பி அழைப்பேன். அது முடியாவிட்டால் அவருடைய அலுவலகம் வழியாக உறுதிசெய்வேன். பதவிக்காக ஒரு படியையும் தாண்ட மாட்டேன். இப்படிச் சொல்லுங்கள். பிறந்த தேதியும் ஊழியர் எண்ணும் மட்டும் சரிபார்ப்புக்குப் போதாது, அவை வெளியே கிடைக்கக்கூடியவை. 2023 செப்டம்பரில் அமெரிக்க சூதாட்ட விடுதி நிறுவனமான எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் தாக்கப்பட்டபோது, ஊழியர்போல் ஹெல்ப் டெஸ்க்கை அழைத்துப் பேசியே உள்ளே புகுந்தார்கள் என்று செய்திகள் வந்தன. இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மறுப்பதையும் மரியாதையாகச் சொல்ல வேண்டும்: "உங்க கணக்கைப் பாதுகாக்கத்தான் சார் இந்த நடைமுறை. ரெண்டு நிமிஷத்துல நானே உங்க நம்பருக்குக் கூப்பிடறேன்."

ஒரே நேரத்தில் எல்லோரும் அழைத்தால்

முன்னுரிமை பற்றிய கேள்விக்கு, எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள், எவ்வளவு அவசரம் என்ற இரண்டையும் சேர்த்தே முடிவு செய்வேன் என்று சொல்லி, உதாரணம் கொடுங்கள். ஒருவரின் மவுஸ் கெட்டதைவிட, சம்பளம் போடும் நாளில் அந்த மென்பொருள் ஒரே ஒருவருக்கு நின்றது பெரிது.

பத்து நிமிடத்தில் நாற்பது பேர் ஒரே புகாருடன் அழைத்தால் நாற்பது தனித்தனி டிக்கெட்டாகத் தீர்க்கப் பார்க்கக்கூடாது. மூன்றாவது அழைப்பிலேயே பொதுவான அம்சத்தைத் தேடுங்கள்: ஒரே மாடியா, ஒரே மென்பொருளா, ஒரே நேரமா? உடனே டீம் லீடிடம் சொல்லி, ஒரு தலைமை டிக்கெட் திறந்து, மற்றவற்றை அதனுடன் இணையுங்கள். வரும் யூசர்களுக்குச் சொல்ல ஒரே வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழித்தால் தீரும் பிரச்சினைதான். ஆனால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட கணினிகள் பல, உள்ளே விடும் முன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. அத்தனை இலக்கங்களைப் போனில் ஆறு ஆறாகப் படித்துக் காட்டும் வேலை ஹெல்ப் டெஸ்க்கின் தலையில் விழுந்தது. திரையில் தெரியும் சாவி அடையாள எண்ணின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியான சாவியைத் தேர்வது, கொடுக்கும் முன் ஆளைச் சரிபார்ப்பது இரண்டும் தெரியும் என்று காட்ட நல்ல இடம் இது.

தெரியாத கேள்வியும் கோபக்காரரும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். "இந்தப் பிழை எண்ணை நான் பார்த்ததில்லை. எண்ணை அப்படியே குறித்து, முதலில் எங்கள் நாலெட்ஜ் பேஸிலும் பழைய டிக்கெட்டுகளிலும் தேடுவேன். பிறகு தயாரிப்பாளரின் ஆவணத்தில். பதினைந்து நிமிடத்தில் வழி கிடைக்காவிட்டால், செய்து பார்த்ததை எழுதி எஸ்கலேட் செய்வேன், அதாவது மேல் நிலைக்கு அனுப்புவேன்." இந்த நேர எல்லையைச் சொல்வது முக்கியம். எப்போது கையைவிட்டு அனுப்ப வேண்டும் என்று தெரியாதவரே முதல் நிலைக்குப் பெரிய செலவு.

கோபமான யூசர் பற்றிக் கேட்டால், "அமைதியாக இருப்பேன்" என்பது பதிலே அல்ல. இடைமறிக்காமல் கேட்டு, அவர் சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொல்லி, அடுத்த தகவலை எத்தனை மணிக்குத் தருவீர்கள் என்று சொல்லி, தீர்வு கிடைக்காவிட்டாலும் அந்த நேரத்தில் அழைப்பீர்கள் என்று விளக்குங்கள். உதாரணம் கேட்டால் கடை, கல்லூரி, கால் சென்டர், எந்த இடத்தில் நடந்த சம்பவமும் செல்லும். சூழ்நிலை என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது: ஒன்றரை நிமிடத்துக்குள் முடியுங்கள். பழைய மேலதிகாரியைக் குறை சொல்லும் கதையாக அது இருக்கக்கூடாது.

டிக்கெட் எழுதச் சொன்னால்

சில இடங்களில் ஒரு அழைப்பை விவரித்து டிக்கெட் எழுதித் தரச் சொல்வார்கள். "நெட் இல்லை. சரிசெய்தாயிற்று" என்று எழுதினால் வாய்ப்பு போனது. மேலே பார்த்த அழைப்பை வைத்து இப்படி எழுதலாம்:

"யூசருக்கு மட்டும் காலை 9 மணி முதல் கம்பி வழி இணைப்பு இல்லை. இன்று இடம் மாறி அமர்ந்துள்ளார். ஐபி 169.254-இல் தொடங்குகிறது. கேபிளை எடுத்துச் செருகியும், ரிலீஸ், ரின்யூ செய்தும் பயனில்லை. போர்ட் விளக்கு எரிகிறது. பக்கத்து போர்ட்டில் அதே லேப்டாப், அதே கேபிள் வேலை செய்கிறது. யூசர் தற்காலிகமாக அங்கே அமர்ந்துள்ளார். சுவர் போர்ட் 3-பி-14-ஐச் சோதிக்க நெட்வொர்க் அணிக்கு அனுப்பப்படுகிறது."

இதைப் படிக்கும் நெட்வொர்க் பொறியாளர் யூசரை மறுபடி அழைத்து எதையும் கேட்க வேண்டியதில்லை. நல்ல டிக்கெட்டின் அளவுகோல் அது ஒன்றே. யூசரின் பாஸ்வேர்டை எக்காரணம் கொண்டும் டிக்கெட்டில் எழுதக்கூடாது.

இன்சிடென்ட், சர்வீஸ் ரிக்வெஸ்ட் வேறுபாட்டையும் இதனுடன் கேட்பார்கள். ஓடிக்கொண்டிருந்தது நின்றால் இன்சிடென்ட். புதிதாக ஒன்று வேண்டும் என்றால் ரிக்வெஸ்ட். ஒரே இன்சிடென்ட் திரும்பத் திரும்ப வந்தால் அதன் வேரைத் தேடுவது பிராப்ளம்.

கடைசியில் நீங்கள் கேட்க வேண்டியவை

"உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். ஒருவர் ஒரு நாளில் எத்தனை டிக்கெட் பார்ப்பார், முதல் நிலையில் எந்த அனுமதிகள் கிடைக்கும், எதை எஸ்கலேட் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களா, புதியவர் தனியாக அழைப்பு எடுக்கும் முன் எத்தனை வாரம் கூட உட்கார்வார், இரவு ஷிஃப்ட்டில் மூத்தவர் யாராவது இருப்பார்களா என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கும் தகவல் கிடைத்துவிட்டது. அழைப்பு நேரத்தை மட்டுமே அளக்கிறார்களா, பிரச்சினை தீர்ந்ததையும் அளக்கிறார்களா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். நேரத்தை மட்டும் அளக்கும் இடத்தில் யூசரைப் பொறுமையாக விசாரிக்க விடமாட்டார்கள். கற்றுக்கொள்ளவும் நேரம் இருக்காது.

வெளியே வந்ததும் கேட்ட கேள்விகளை எல்லாம் நினைவிருக்கும்போதே எழுதுங்கள். தடுமாறியதை அன்று மாலையே லேபில் செய்து பாருங்கள். இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால், விட்ட கேள்வியை மறுபடி எடுக்கும் பேனல்கள் உண்டு. எடுக்காவிட்டாலும், "போன முறை கேட்டதைச் செய்து பார்த்தேன், இப்படி வந்தது" என்று நீங்களே தொடங்கலாம்.